களஞ்சியம் யாருடையது?
தமிழ்ச் சங்க இணையத்தளம் குறித்து ஒரு மறுப்புரை

விளைச்சல் உள்ளவனுக்குக் களஞ்சியம் வேண்டும். களஞ்சியம் இல்லாதவன், விலை வீழ்ந்து கிடக்கும் அறுவடைக் காலத்திலேயே நெல்லைக் களத்தில் வைத்து விற்றுவிட்டு, சில மாதங்களின் பின் அதே நெல்லை அதிக விலை கொடுத்து வாங்குவான். சொறிக்கல்முனையைச் சூழ்ந்து சம்மாந்துறை வரை விரிந்து கிடக்கும் வயல்வெளிகளைக் கண்டு வளர்ந்த எவருக்கும் இதனை விரித்துக் கூறவேண்டியதில்லை. நெல்லுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, இன்று குரலுக்கும் படத்துக்கும் பொருந்துவதாகிவிட்டது. இதனை எமது சங்கத்து நண்பர்கள் உணரத் தவறியமையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கிழக்குக் கரையின் வயற்பாடல்கள், கடற்றொழிலாளரின் அம்பாப் பாடல்கள், முஸ்லிம் பெண்களின் கவிகள், களிகம்பாட்டத்தின் தாளக்கட்டுகள், கூத்து அரங்கேற்றங்கள் ஆகியவற்றை ஒலியாகவும் ஒளியாகவும் பதிவு செய்து சங்கத்தின் இணையத்தளத்தில் வைப்பதென்று தீர்மானித்துள்ளோம். தீர்மானம் போற்றற்குரியது. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) போன்ற நூல்கள் இம்மண்ணின் வாய்மொழி இலக்கியத்தை உலகறியச் செய்தன. ஆயினும் அச்சு சொல்லைக் காக்குமேயன்றி மெட்டைக் காக்காது. பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தைக் காக்காது. அதனைக் காக்கும் வாய்ப்பு எமது தலைமுறையின் கையில் உள்ளது. ஆனால், பதிந்தவற்றை எங்கே வைப்பது என்ற வினா எழுந்தபோது சங்கக் கூட்டத்தில் ஒலித்த விடைகள் கவலை தருவன. அவற்றை ஒவ்வொன்றாக மறுப்பதும், மாற்றுவழி ஒன்றை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் தன்மை

முதலில் வினாவைத் தெளிவாக்கிக் கொள்வோம். இணையத்தளம் ஒன்றின் எழுத்துப் பகுதி மிகச் சிறிது. ஆண்டு மலர்கள் அனைத்தையும் எழுத்தாக ஏற்றினாலும் அது ஒரு மூலையில் அடங்கிவிடும். இடத்தை விழுங்குவன ஒலியும் ஒளியுமே. ஒரு மணிநேர ஒலிப்பதிவு, சுருக்கப்படாத நிலையில், இறுவட்டின் தரத்தில் ஏறத்தாழ 635 மெகாபைற் ஆகும். அதனையே கேட்பதற்குப் போதுமான எம்பி3 வடிவத்தில் சுருக்கினால் 58 மெகாபைற்றுக்குள் அடங்கும். ஒரு மணிநேரத் தெளிவான ஒளிப்பதிவு, வினாடிக்கு 5 மெகாபிற் என்ற அளவில், 2.25 கிகாபைற் ஆகும். இத்தகைய பெருங்கோப்புகளை மாணவர் சங்கம் வாடகைக்குப் பெறும் எளிய சேவையகம் தாங்காது. எனவே தளம் ஓரிடத்திலும் ஊடகக் கோப்புகள் வேறோரிடத்திலுமாக, புறக்களஞ்சியம் ஒன்றை நாடவேண்டியதாகின்றது.

அந்தக் களஞ்சியம் மலிவானதாக இருக்கவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. மலிவு என்பதை எதனைக் கொண்டு அளப்பது என்பதிலேயே நான் நண்பர்களிடமிருந்து வேறுபடுகின்றேன். அவர்கள் உள்ளே வைப்பதற்கான விலையைப் பார்க்கின்றனர். நானோ வெளியே எடுப்பதற்கான விலையைப் பார்க்கவேண்டும் என்கின்றேன்.

ஓர் இழப்பு

இது வெறும் தத்துவ வாதமன்று. எமக்கு மூத்த அணியினர் ஒருமுறை இத்தகைய பணியில் இறங்கினர். கல்முனைப் பகுதி முஸ்லிம் கிராமங்கள் சிலவற்றுக்குச் சென்று, முதிய பெண்கள் பாடிய கவிகளைப் பதிந்து, வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றின் களஞ்சியத்தில் ஏற்றி, தளத்திலே இணைப்புக் கொடுத்தனர். கட்டணம் மாணவர் ஒருவரின் சொந்த அட்டையிலிருந்து சென்றது. அவர் பட்டம் பெற்று வெளியேறினார், அட்டை காலாவதியாயிற்று. கொம்பனியின் எச்சரிக்கைகள், எவரும் திறவாத மின்னஞ்சல் ஒன்றுக்குச் சென்று குவிந்தன. தவணை முடிந்ததும் கோப்புகள் அழிக்கப்பட்டன. பதிவு செய்த கைத்தொலைபேசிகளிலும் அவை எஞ்சியிருக்கவில்லை. தரவேற்றிவிட்டோமே என்ற நம்பிக்கையில் இடத்துக்காக நீக்கிவிட்டிருந்தனர்.

சென்ற ஆண்டு என் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் உம்மும்மா பாடிய கவியைத் தேடி அத்தளத்தைத் திறந்தாள். உம்மும்மா காலமாகி அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. பாடலின் தலைப்பு இருந்தது. பாடியவரின் பெயரும் ஊரும் இருந்தன. அழுத்தியபோது கோப்பு இல்லை என்ற அறிவித்தலே வந்தது. நாங்கள் இருவரும் அத்திரையைப் பார்த்தபடி இருந்தோம். இதில் கொம்பனியை மாத்திரம் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பிறர் களஞ்சியத்தில் வைத்த பொருளுக்கு வீட்டில் ஒரு பிரதிகூட வைக்காத குற்றம் எம்முடையது.

முதலாவது வாதம்: “இலவசமாகக் கிடைக்கின்றதே!”

யூடியூபிலும் முகநூலிலும் இலவசமாக ஏற்றிவிடலாம், காசு எதற்கு என்பர் ஒரு சாரார். இவர்கள் சந்தையையும் களஞ்சியத்தையும் ஒன்றெனக் கருதுகின்றனர். கல்முனைச் சந்தைக்குப் பொருளைக் கொண்டு செல்லலாம். சனம் கூடுமிடம் அது. ஆயினும் விதைநெல்லைச் சந்தையில் விட்டுவிட்டு வீடு திரும்பும் விவசாயி எங்கேனும் உண்டா?

யூடியூப் தனக்கு ஏற்றவாறு ஒளிப்பதிவைச் சுருக்கி வைக்கும்; நாம் ஏற்றிய மூலத் தரத்தைத் திரும்பப் பெறும் வழி எளிதன்று. பதிப்புரிமையைச் சோதிக்கும் இயந்திரம், பின்னணியில் ஒலிக்கும் ஒரு திரைப்பாட்டுத் துணுக்கைக் கண்டு முழுப் பதிவையும் முடக்கவும் கூடும். முகநூலில் இட்டதைச் சில ஆண்டுகளின் பின் தேடி எடுப்பது, குளத்திலே தவறவிட்ட மோதிரத்தைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

இலவசம் எவ்வளவு காலத்துக்கு இலவசமாக இருக்கும் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. ஒரு காலத்தில் உலகின் பெரும் தளத்தொகுதிகளுள் ஒன்றாக விளங்கிய ஜியோசிற்றீஸை, யாகூ கொம்பனி 2009 ஒக்டோபரில் மூடியது. தன்னார்வலர் பிரதி செய்து காத்தவை போக எஞ்சியவை அழிந்தன. போட்டோபக்கெற், 2017 இல் தன்னிடமுள்ள படங்களைப் பிற தளங்களிற் காட்டுவதற்கு ஆண்டுக்கு 400 டொலர் வரை கட்டணம் விதித்தது. உலகெங்கும் எண்ணற்ற பக்கங்களிற் படங்களுக்குப் பதிலாகக் கட்டண அறிவித்தலே தோன்றியது. பிளிக்கர், 2018 இல் இலவசக் கணக்குக்கு 1000 படங்கள் என வரம்பு விதித்தது. மைஸ்பேஸ், சேவையக மாற்றத்தின்போது, 2015 வரை ஏற்றப்பட்ட இசைக்கோப்புகளை இழந்துவிட்டதாக 2019 இல் ஒப்புக்கொண்டது. கூகுள் போட்டோஸின் வரம்பற்ற இலவச இடம் 2021 ஜூன் முதலாந் திகதியுடன் முடிவுற்றது.

“பல்கலைக்கழகக் கணக்கிலே இடமுண்டே” என்பாருக்கும் ஒரு சொல். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றி வழங்கிய இடத்தை, நிறுவனம் ஒன்றுக்கு 100 தெராபைற் என்ற பொது ஒதுக்கீடாகக் குறைப்பதாக 2021 இல் கூகுள் அறிவித்தது. இரண்டு ஆண்டுகள் பாவிக்கப்படாத தனியார் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அது நீக்கலாயிற்று. ஆண்டுதோறும் நிறைவேற்றுக் குழு மாறும் மாணவர் சங்கத்துக்கு, மறந்துபோன கணக்கு என்பது விதிவிலக்கன்று, அதுவே வழமை.

இரண்டாவது வாதம்: “வரம்பற்ற இடம் தருகின்றார்கள்!”

மாதம் சில டொலருக்கு வரம்பற்ற இடம் தரும் தள வாடகைச் சேவைகளின் விளம்பரங்களை வேறு சிலர் காட்டினர். வரம்பற்றது என்ற சொல்லின் கீழ், சிறிய எழுத்தில், வரம்புகள் வரிசையாக நிற்கும். கோப்புகளின் தொகைக்கு வரம்பு. சேவையகத்தின் உழைப்புக்கு வரம்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, இணையப் பக்கங்களுக்கன்றி வெறும் சேமிப்புக்கும் காப்புப் பிரதிக்கும் இவ்விடத்தைப் பாவிக்கலாகாது என்ற நிபந்தனை. ஊர் விருந்துக்கு அழைத்துவிட்டு இலையின் அளவைச் சுருக்குவது போன்றது இது. இருநூறு மணிநேர ஒலிப்பதிவை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவோமாயின், அந்நிபந்தனையே எமக்கெதிராகப் படிக்கப்படும்.

மூன்றாவது வாதம்: “பெரிய கொம்பனியே பாதுகாப்பு!”

இவ்வாதமே சற்று நின்று எதிர்கொள்ளத்தக்கது. அமேசன் கொம்பனி 2006 மார்ச்சில் ஆரம்பித்த எஸ்3 என்னும் களஞ்சியச் சேவை, இத்துறைக்கே முன்னோடி. அதன் நம்பகத்தன்மையை நான் மறுக்கவில்லை. வைப்பதற்கான விலையும் அச்சுறுத்துவதன்று. அதன் வழமையான வகைக்கு அமெரிக்க நிலையங்களில் ஒரு கிகாபைற்றுக்கு மாதம் 2.3 சதம் என்பர். ஆயின், வாசகர் ஒருவர் அக்கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது களஞ்சியத்தை விட்டு வெளியே செல்கின்றது. அதற்கு வேறு கட்டணம். மாதத்தின் முதல் 100 கிகாபைற் போக, ஒவ்வொரு கிகாபைற்றுக்கும் 9 சதம். அதாவது, ஒரு கோப்பை ஒரு மாதம் வைத்திருப்பதற்கான செலவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு, அதனை ஒரே ஒரு தடவை வெளியே அனுப்புவதற்கு!

எமது நிலையில் இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மணிநேரக் கூத்து ஒளிப்பதிவு ஒன்றை, தெளிவான தரத்தில், ஒரு மாதத்தில் ஆயிரம்பேர் முழுமையாகப் பார்க்கின்றனர் எனக் கொள்வோம். கடல்கடந்து வாழும் எம்மவர் தொகையை நோக்க ஆயிரம் என்பது பெரிதன்று. வெளிச்செல்வது 2250 கிகாபைற். இலவசப் பங்கைக் கழித்தால் 2150 கிகாபைற்றுக்கு 193.50 டொலர். டொலர் 300 ரூபா எனக் கொண்டால் 58,050 ரூபா. ஒரு கூத்து மக்களைச் சென்றடைந்த குற்றத்துக்காகச் சங்கம் கொடுக்கவேண்டிய தண்டம் இது. புகழ் வந்தால் கடன் வரும் என்ற ஏற்பாட்டை மலிவானதென்று எவ்வாறு கூறுவது?

இக்கட்டணத்துக்குப் பிறிதொரு பயனும் உண்டு. பொருளை எடுத்துக்கொண்டு வேறிடம் செல்ல நினைப்பவனை அது வாயிலில் மறிக்கின்றது. 2024 இல் கூகுளும் அமேசனும், முற்றாக விலகிச் செல்லும் வாடிக்கையாளருக்கு இக்கட்டணத்தைத் தளர்த்தின என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். ஆனால் அத்தளர்வு விலகுவோருக்கே உரியது. அன்றாடம் கேட்கவரும் வாசகருக்கான கட்டணம் நின்றபடியே நிற்கின்றது.

மேலும், கட்டணம் டொலரில். எமது உண்டியலோ ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. களஞ்சியக்காரன் ஒரு சதமும் கூட்டாதிருக்கவே, எமது கட்டணம் முக்கால் பங்களவு கூடிய கதை அது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாடு டொலர் தேடித் திண்டாடிய நாளில், மாணவர் சங்கம் ஒன்றின் கோப்புகளுக்காக அட்டை தேய்ப்பவர் யார்?

பெரிய கொம்பனி என்பதனால் மட்டும் பொருள் காக்கப்படும் என்பதும் மயக்கமே. ஐரோப்பாவின் பெரும் சேவையக நிறுவனங்களுள் ஒன்றான ஓவிஎச்சின் ஸ்ராஸ்பேர்க் நிலையத்தில் 2021 மார்ச் 10 ஆந் திகதி தீப்பற்றியது. ஒரு கட்டடம் முற்றாக எரிந்தது. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தோர் மீண்டனர், வைக்காதோர் இழந்தனர்.

நான்காவது வாதம்: “அப்படியாயின் வன்தட்டே போதுமே!”

இணையத்தை நம்பாது ஒரு வன்தட்டில் இட்டு அலுமாரியிற் பூட்டிவிடலாம் என்போர், மேற்கூறிய ஆபத்துகளைக் கண்டு மறுகரைக்கு ஓடுகின்றவர்கள். இக்கடற்கரையில் இருந்துகொண்டு இவ்வாறு கூற எப்படி மனம் வருகின்றது? 2004 டிசம்பர் 26 ஆந் திகதி, இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் அலை கொண்டுபோனவற்றுள் திருமணப் படங்களும் பிறப்புப் பத்திரங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அடங்கும். அன்று நாம் கைக்குழந்தைகள் அல்லது பிறவாதவர்கள். ஆயினும் இறந்த உறவினரின் முகத்தைக் காட்ட ஒரு படமும் எஞ்சாத வீடுகளில் நாம் உணவருந்தியிருக்கின்றோம். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் ஓரிடத்தில் இருந்தமையாலேயே ஓரிரவில் அழிந்தன. ஒரே பிரதியாக இருந்த சுவடிகளுக்கு மாற்றே இல்லாது போயிற்று. நீரும் நெருப்பும் கற்பித்த பாடத்தை மறந்துவிட்டு, உப்புக்காற்று வீசும் ஊரில் ஒரு தட்டையும் ஒரு பூட்டையும் நம்புவதா?

செய்யத்தக்கது யாது?

மறுப்பது எளிது, மாற்று வழியைக் கூறாதவிடத்து மறுப்பு வெற்றாரவாரமாகும். எனவே என் முன்மொழிவுகளைச் சொல்கின்றேன்.

ஒன்று: மூலப்படியையும் வாசகர்படியையும் பிரிக்கவேண்டும். சுருக்கப்படாத ஒலியும் தெளிவான ஒளியும் மூலப்படிகள். அவை காக்கப்படவேண்டியன, அன்றாடம் பரிமாறப்படவேண்டியன அல்ல. வாசகருக்குச் சுருக்கிய படி போதும். இருநூறு மணிநேர ஒலி, சுருக்கிய வடிவில் 11.5 கிகாபைற்றே. நூறு மணிநேர ஒளியை, வினாடிக்கு 1 மெகாபிற் என்ற அளவிற் சுருக்கினால் 45 கிகாபைற். படங்களையும் சேர்த்து 100 கிகாபைற்றுக்குள் அடக்கிவிடலாம். கைத்தொலைபேசியில், எண்ணியெண்ணித் தரவு வாங்கிப் பார்க்கும் எமது ஊர்மக்களுக்கும் இதுவே உகந்தது.

இரண்டு: வெளிச்செல் கட்டணம் அறவிடாத களஞ்சியத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். அத்தகையன உள்ளன. கிளவுட்பிளேயர் கொம்பனி 2022 இல் பொதுப் பாவனைக்கு விட்ட ஆர்2 அவற்றுள் ஒன்று; வைப்பதற்கு ஒரு கிகாபைற்றுக்கு மாதம் 1.5 சதம், எடுத்துச் செல்வதற்குத் தரவுக் கட்டணம் இல்லை. எமது 100 கிகாபைற்றுக்கு மாதம் 1.50 டொலர், அதாவது 450 ரூபா. ஆயிரம்பேர் பார்த்தாலும் பத்தாயிரம்பேர் பார்த்தாலும் வைப்புக்கட்டணம் மாறாது. நான் இக்கொம்பனிக்கு வக்காலத்து வாங்கவில்லை. நாளை அதுவும் விலையை மாற்றலாம். ஆதலாலேயே அடுத்த முன்மொழிவு இன்றியமையாததாகின்றது.

மூன்று: வாசகர் காணும் முகவரி எமதாக இருக்கவேண்டும். கொம்பனியின் முகவரியைப் பக்கங்களில் எழுதிவைத்தால், களஞ்சியத்தை மாற்றும் நாளில் ஆயிரம் இணைப்புகள் அறுந்து தொங்கும். சங்கத்தின் சொந்தத் தளப்பெயரின் கீழ் ஊடகத்துக்கென ஒரு கிளைப்பெயரை அமைத்து, அதனைக் களஞ்சியத்தை நோக்கித் திருப்பிவிட்டால், களஞ்சியம் எத்தனைமுறை மாறினும் பக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவேண்டியதில்லை. அமேசன் வகுத்த எஸ்3 வழிமுறையையே இன்று போட்டிக் கொம்பனிகளும் ஏற்றுள்ளமையால், ஓரிடத்துக் கோப்புகளை இன்னோரிடத்துக்கு நகர்த்தும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நான்கு: பிரதிகள் மூன்று வேண்டும், அவை இருவகை ஊடகங்களில் இருக்கவேண்டும், ஒன்றேனும் வேற்றூரில் இருக்கவேண்டும். பீற்றர் குரோ என்னும் ஒளிப்படக் கலைஞரால் பரவலாகிய இவ்விதி, எமது கடற்கரைக்கென்றே எழுதப்பட்டது போன்றது. மூலப்படிகள் இரண்டு வன்தட்டுகளில் இருக்கட்டும்; ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில், மற்றையது கடலுக்கு அப்பால் உள்நாட்டில். ஆண்டுக்கொருமுறை இரண்டையும் திறந்து சோதிப்பது, புதிய குழு பொறுப்பேற்கும் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஒரு விடயமாக இடம்பெறட்டும்.

ஐந்து: பொது நோக்குடைய காப்பகங்களுக்குப் பாடியவரின் சம்மதத்துடன் ஒரு பிரதி வழங்கவேண்டும். 2005 இல் தன்னார்வலர் முயற்சியாகத் தொடங்கிய ‘நூலகம்’, இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி இலவசமாக வழங்கிவருகின்றது; அதன் ‘ஆவணகம்’ ஒலி, ஒளி, ஒளிப்பட ஆவணங்களுக்கு இடமளிக்கின்றது. 1996 இல் நிறுவப்பட்ட அமெரிக்காவின் இன்ரநெற் ஆர்க்கைவ் இலாபநோக்கற்றது. தரவேற்றக் கட்டணம் கேட்பதில்லை. அதுவும் 2024 ஒக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாள் முடங்கியது. எனவே இவை துணைப்பிரதிகளேயன்றி ஒரே பிரதிகள் அல்ல. யூடியூபையும் விலக்கவேண்டாம், அதனைச் சந்தையாகக் கொள்வோம், கேட்போரை அங்கிருந்து எமது தளத்துக்கு அழைப்போம்.

ஆறு: கணக்கு எவருடைய தனிப்பெயரிலும் இருக்கலாகாது. சங்கத்தின் மின்னஞ்சல், சங்கத்தின் தளப்பெயர், பெரும் பொருளாளரின் பொறுப்பிலுள்ள கட்டண ஒழுங்கு, எழுத்தில் ஒப்படைக்கப்படும் கடவுச்சொல் ஆகியவை ஆண்டுக் கணக்கறிக்கையோடு கைமாறவேண்டும். மேலே நான் கூறிய இழப்பு, தொழில்நுட்பக் குறைபாட்டினால் நேர்ந்ததன்று. கையளிப்புக் குறைபாட்டினால் நேர்ந்தது.

நிறைவாக

இவையெல்லாம் கணினித்துறையினர் பார்க்கவேண்டிய விடயங்கள், கலைப்பீட மாணவருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏட்டுச்சுவடியைக் கறையான் அரிக்கும் கதையை ஒவ்வொரு விழாமேடையிலும் உருக்கமாகப் பேசும் நாம், எம் காலத்துக் கறையான் எதுவென அறியாதிருப்பது எவ்வகைத் தமிழ்ப்பற்று? சுவடி காத்தோர் பனையோலையின் இயல்பையும் எண்ணெய் பூசும் முறையையும் அறிந்திருந்தனர். ஒலிக்கோப்பைக் காக்க எண்ணுவோர் அது எங்கே கிடக்கின்றது, எவர் கையில் திறவுகோல் உள்ளது, வெளியே எடுக்க என்ன விலை என்பவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

போடியாரின் நெற்களஞ்சியத்தில் இலவசமாக நெல்லைக் குவித்துவிட்டு, எடுக்கச் சென்றபோது கணக்குக் கேட்ட கதைகளை எம் பாட்டன்மார் அறிவர். அக்கதை கடல்கடந்த கொம்பனிகளின் பெயரில் மீண்டும் எழுதப்பட நாம் இடமளிக்கலாகாது. மாதம் 450 ரூபா என்பது எமது நிறைவேற்றுக் குழுக் கூட்டமொன்றின் தேநீர்ச் செலவு. அதனை எதிர்வரும் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

என் தோழியின் உம்மும்மா பாடிய கவி இனி வாராது. ஆனால் கவி சொல்லத் தெரிந்த கிழவிகள் சிலர் இவ்வூர்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்லுமுன், பதிந்ததை எங்கே வைக்கப்போகின்றோம் என்பதற்கு நாணயமான விடை ஒன்று எம்மிடம் இருக்கட்டும்.